உப்பும் தைராய்டு மாத்திரையும்

விழுப்புரம் மாவட்டத்தின் அனுமந்தை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில் உள்ள ஊர். தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் உப்பு விளைச்சலுக்குப் பெயர் பெற்றது மரக்காணம் கடற்கரை. உப்பளத்தின் அருகில் வாழ்வோருக்கு அயோடின் குறையவே குறையாது என்று எண்ணத் தோன்றும். அது சரியன்று. கடல்நீரில் அயோடின் மிகச் சொற்பம். பாத்தியில் நீர் வற்றி உப்பு படியும்போது அதில் தங்குவது அதனினும் குறைவு. உடலுக்குப் பயன்படும் அயோடின் பின்னர்தான் உப்பில் சேர்க்கப்படுகிறது.

1811இல் பிரான்சு நாட்டின் பெர்னார்டு கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடினைக் கண்டறிந்தார். தைராய்டு சுரப்பியில் அயோடின் உள்ளது என்பதை 1895இல் ஜெர்மானியரான பௌமன் காட்டினார். சுவிட்சர்லாந்து 1922இல் அயோடின் கலந்த உப்பை வழங்கத் தொடங்கியது. இந்தியாவில் 1956 முதல் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் வி. இராமலிங்கசுவாமி குழுவினர் நடத்திய ஆய்வில், அயோடின் உப்பு கொடுத்த பகுதிகளில் முன்கழுத்துக் கழலை கணிசமாகக் குறைந்தது. சாதாரண உப்பு கொடுத்த பகுதியில் அவ்வாறு குறையவில்லை. அதன் பயனாக 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் நாட்டில் நிலைத்து நிற்பது பொட்டாசியம் அயோடேட் என்பதால் அதுவே உப்பில் சேர்க்கப்படுகிறது. உணவுக்கு அயோடின் கலவாத உப்பை விற்பதற்கான தடை 2000இல் விலக்கப்பட்டு, 2006 மே மாதம் மீண்டும் கொண்டுவரப்பட்டது.

ஆனால் எல்லாத் தைராய்டு குறைபாடும் உப்பால் தீராது. 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ விவரித்த நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கி அழிக்கிறது. இதற்கு உப்பைக் கூட்டிச் சாப்பிடுவது மருந்தாகாது. இரத்த அழுத்தம்தான் ஏறும். சுரக்காத ஹார்மோனை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும்.

இந்த வழியை 1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகர மருத்துவர் ஜார்ஜ் மர்ரி தொடங்கி வைத்தார். செம்மறியாட்டின் தைராய்டுச் சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசிவழி செலுத்தினார். அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்கு 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. 1914 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவின் எட்வர்டு கெண்டல் தைராக்சினைப் பிரித்தெடுத்தார். ஏறத்தாழ மூன்று டன் பன்றிச் சுரப்பியிலிருந்து அவருக்குக் கிடைத்தது 33 கிராம் மட்டுமே. 1927இல் ஹாரிங்டனும் பார்கரும் அதை ஆய்வகத்திலேயே உருவாக்கினர். இன்று சிறு மாத்திரையாகக் கிடைக்கும் லெவோதைராக்சின் அந்த வழியில் வந்ததே. இதன் அளவு மில்லிகிராமில் அன்று, மைக்ரோகிராமில் குறிக்கப்படுகிறது. அளவு இவ்வளவு நுண்ணியதாக இருப்பதால், குடலில் சிறிது தடைபட்டாலும் பலன் குறைந்துவிடும்.

மருத்துவரைப் பார்த்துத் திரும்பும் பலருடைய பையில் இம்மாத்திரையுடன் இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் மாத்திரைகளும் இருக்கும். மறந்துவிடுமே என்று எல்லாவற்றையும் ஒரே வாயில் விழுங்குவோர் உண்டு. இரும்புச்சத்து தைராக்சினின் பலனைக் குறைக்கிறது என்பது 1992இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. கால்சியம் கார்பனேட்டும் அவ்வாறே என 2000இல் மற்றோர் ஆய்வு காட்டியது. இவை குடலில் மருந்தைப் பற்றிக்கொண்டு, இரத்தத்தில் சேரவிடாமல் செய்கின்றன. இதை அறியாதபோது டி.எஸ்.எச். அளவு உயரும், மாத்திரையின் அளவும் வீணாகக் கூட்டப்படும். கர்ப்பிணிகள் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் அவர்களுக்கு இரும்புச்சத்தும் கால்சியமும் வழங்கப்படுகின்றன. அதே மாதங்களில் கருவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்சின் தேவைப்படுகிறது. எதையும் நிறுத்த வேண்டியதில்லை. 4 மணி நேர இடைவெளி போதும்.

பொதுவாகத் தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, 30 முதல் 60 நிமிடம் கழித்து உண்பது வழக்கம். காபியும் இதில் சேர்த்திதான்: அதுவும் மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்று 2008இல் இத்தாலிய ஆய்வாளர்கள் எழுதினர். விடிந்ததும் காபி என்னும் வீடுகளுக்கு இது சற்றுக் கசப்பான செய்தி. விடியுமுன் உப்பளத்துக்குக் கிளம்புவோருக்கு அந்த அரைமணி நேரமும் கிடைப்பது அரிது. அவர்களுக்கு வேறு வழியும் உண்டு. படுக்கும்முன் எடுத்துக்கொண்டாலும் மருந்து நன்றாகவே வேலை செய்வதாக 2010இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. இரவு உணவு முடிந்து 3 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்; நேரத்தை மாற்றுமுன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இம்மருந்து உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாள் ஆகும். ஆகவே அளவை மாற்றியபின் 6 முதல் 8 வாரம் கழித்தே இரத்தப் பரிசோதனை செய்வார்கள். முடி உதிர்வதற்காகப் பலர் வாங்கும் பயோட்டின் என்னும் வைட்டமின் பரிசோதனை முடிவையே பிழையாக்கக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017 நவம்பரில் பயோட்டினால் ஆய்வக முடிவுகள் பிழையாவது பற்றி எச்சரித்தது. இரத்தம் கொடுப்பதற்கு 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிடுமாறு மருத்துவர்கள் கூறுகின்றனர்.