வள்ளத்து எஞ்சின் ஏன் சூடாகிறது?

புனேயில் எஞ்சினுக்குப் பஞ்சமில்லை. 1946இல் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ், 1962இல் கம்மின்ஸ் என்று வரிசையாக வந்தார்கள். நானும் அப்படி ஓர் எஞ்சின் கம்பெனியில்தான் குப்பை கொட்டுகிறேன். அதனால் கன்னியாகுமரிக் கரையில் இருக்கும் மாமா போன் செய்து, "மக்கா, நம்ம வள்ளத்து எஞ்சின் சூடாவுது, என்னன்னு சொல்லு" என்று கேட்டதில் ஆச்சரியம் இல்லை. சிக்கல் என்னவென்றால், எங்கள் எஞ்சினுக்கு ரேடியேட்டர் உண்டு. அவருடையதற்குக் கடல்தான் ரேடியேட்டர்.

2017இல் ஒக்கி புயல் வந்துபோன பிறகு, கடலில் எஞ்சின் நிற்பதை எங்கள் வீட்டில் யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. எனவே கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். தோண்டினால் கதை அமெரிக்காவுக்குப் போகிறது.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909இல் தன் அவுட்போர்டு மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஏரியில் துடுப்புப் போட்டு ஐஸ்கிரீம் வாங்கி வருவதற்குள் அது உருகிவிட்டதாம், அதில் பிறந்த யோசனை என்பார்கள். கதை எவ்வளவு நிஜமோ, ஏரி நிஜம். தெளிந்த நன்னீர், படகைக் கட்ட ஒரு மேடை, பெட்ரோல். இந்த வகை எஞ்சின் பிறந்து வளர்ந்த வீடு அது. (அவர் பெயர் தாங்கிய மோட்டார்கள் 2020 வரை வந்தன.)

நம் பக்கம் எஞ்சின் வந்ததிலும் ஒரு நார்வே உண்டு! 1952இல் கையெழுத்தான இந்தோ-நார்வே திட்டம் கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கியது. ஆனால் அங்கே பிரபலமானவை உள்ளே எஞ்சின் பொருத்திய புதிய படகுகள். வள்ளத்தின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு கேரளத்திலும் குமரியிலும் பரவலானது 1980களில்தான். ஏரிக்குப் பிறந்த எஞ்சின் அலை உடையும் கரைக்கு வந்தது. தள்ளி இறக்கும்போது மணல் கலங்கிய தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பும். எரிபொருளும் மாறியது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் குறைவு, சீக்கிரம் "தட்டும்", கரியும் படியும். இரண்டுமே சூட்டைக் கூட்டும். அதற்கென்றே அழுத்தம் குறைத்த மாடல்கள் வந்தன. பெட்ரோல் மாடலில் மண்ணெண்ணெய் ஊற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கடல் மணலைப் படிப்பவர்கள் புனேயிலேயே இருக்கிறார்கள். 1916இல் தொடங்கிய மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் கடக்வாஸ்லாவில் இருக்கிறது. துறைமுகங்களைச் சிறிதாகக் கட்டி, அலை விட்டு, மணல் எங்கே ஒதுங்குகிறது என்று பார்ப்பார்கள். மாமாவின் மணல் ஒதுங்கியதோ வேறு இடத்தில்.

முதல் கேள்வி: "தண்ணி பீச்சுதா?"

எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை வழியாகத் தண்ணீர் பீறிட வேண்டும். அதுதான் நாடித்துடிப்பு. "பீச்சுது, ஆனா முன்ன மாதிரி இல்ல" என்றார். துளையைக் கம்பியால் குத்தியாயிற்று. அடியில் தண்ணீர் நுழையும் சல்லடையில் பிளாஸ்டிக் பை எதுவும் இல்லை. தண்ணி பம்பின் ரப்பர் இம்பெல்லர் மாற்றி மூன்று வாரம்தான் ஆகிறது. அதனால்தான் பட்டறைக்காரர், "பிளாக் உள்ளே அடைச்சாச்சு, வித்துட்டுப் புதுசு எடுங்க" என்று சொல்லியிருக்கிறார். மாமாவுக்கு அது ஒரு வருடச் சேமிப்பு.

எப்போது சூடாகிறது என்று கேட்டேன். வலை விடும்போது, மெதுவாக ஓட்டும்போதுதானாம். முடுக்கினால் தணிகிறது. அது ஒரு துப்பு. மெதுவாகச் சுற்றும்போது ரப்பர் இதழ்கள் சுவரோடும் தட்டோடும் ஒட்டித் தேய்ந்தால்தான் தண்ணீர் ஏறும். இடுக்கு விழுந்தால் கசிந்துவிடும். வேகத்தில் சமாளித்துவிடும்.

ஆனால் மூடியே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்டும் சில மாடல்களில் இதே குணத்தைக் காட்டும். ஆகவே அதைக் கழற்றி, நூலில் கட்டி, சுடுதண்ணீர்ப் பானையில் தொங்கவிடச் சொன்னேன். கொதிக்கும் முன்பே திறந்தது. (கடல்நீரில் ஓடும் எஞ்சினை அதிகம் சூடேற விடக்கூடாது, உப்பு படியும். அதனால் கார்களைவிடச் சீக்கிரம் திறக்கும்படி வைப்பார்கள்.)

மிச்சம் பம்பு. இம்பெல்லர் புதுசு, சரி; அது தேய்ந்து ஓடும் இரும்புத் தட்டு? "அத யாரு பாத்தா" என்றார் மாமா. நகத்தால் தட்டைச் சுரண்டிப் பார்க்கச் சொன்னேன். நகம் பள்ளத்தில் மாட்டியது. பல வருட மணல் வட்டவட்டமாக வரி போட்டிருந்தது, மேலே கவிழும் கிண்ணத்திலும் அதே வரிகள்.

தட்டும் கிண்ணமும் தேடி நாகர்கோவில், கொல்லம் என்று இரண்டு நாள் அலைந்தார். மாற்றிய பிறகு தண்ணீர் ஒரு முழம் தள்ளிப் பீச்சுகிறதாம். இப்போது கரையேறியதும் நல்ல தண்ணீர் டிரம்மில் எஞ்சினை இறக்கிப் பத்து நிமிடம் ஓட்டுகிறார். அத்தைக்குத்தான் கோபம், குடிக்கத் தண்ணி லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் எஞ்சினுக்கு ஒரு டிரம்மா என்று.