ஒரு கேள்விக்கு வந்த சோதனை

கதை எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு உரையாடல் என்பது தீராத தலைவலி. இரண்டு பாத்திரங்களைப் பேச வைத்தால், ஒருவர் கேட்டதற்கு மற்றவர் ஒழுங்காகப் பதில் சொல்லிவிடுகிறார். அந்த இடத்திலேயே கதை படுத்துவிடுகிறது. நிஜ வாழ்க்கையில் அப்படி யார் பதில் சொல்கிறார்கள்? "சம்பளம் வந்துவிட்டதா?" என்று மனைவி கேட்டால், "அப்பப்பா, வெளியில் என்ன வெயில்!" என்றுதான் புருஷன் பதில் சொல்வான். இந்தக் கலைக்கு ஒரு பாடப் புத்தகமே இருக்கிறது என்று வக்கீல் நண்பர் ஒருவர் எனக்குச் சொன்னார். பிரிட்டிஷ் பார்லிமெண்டின் நடவடிக்கைக் குறிப்புதான் அது. ஹான்ஸார்டு என்று பெயர். 1909 முதல் சபையின் சொந்தச் சுருக்கெழுத்தாளர்களே பேச்சை ஏறக்குறைய அப்படியே பிடித்து அச்சிட்டு வருகிறார்கள்.

ஒரு மத்தியானம் புரட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் நூல்நிலையத்துக்குப் போனேன். 1930-களின் தொகுதிகள் மாடியில் மூலை அலமாரி ஒன்றில் தூசி படிந்து கிடந்தன. மூன்று வாரம் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தேன். வீட்டில், நான் ஏதோ சரித்திர நாவல் எழுதப் போவதாக நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. அதுவும் ஹான்ஸார்டில் கற்ற பாடந்தான்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய அந்த நாட்களில் காமன்ஸ் சபை பிற்பகல் 2.45-க்குக் கூடும். பிரார்த்தனை முடிந்ததும் கேள்வி நேரம். 3.45-க்கு முடிந்துவிடும். திங்கள் முதல் வியாழன் வரை இப்படி நடக்கும். வெள்ளிக்கிழமை கேள்வி கிடையாது. சபையில் வாய்மொழியாகப் பதில் வேண்டும் என்கிற அங்கத்தினர் தம் கேள்விக்கு ஒரு நட்சத்திரக் குறி போட்டுக் குமாஸ்தாவிடம் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். குமாஸ்தா என்றால் நம் ஊர்க் குமாஸ்தா அல்ல. அங்கே அது பெரிய பதவி. கேள்வியில் வாதம் இருக்கக் கூடாது. வம்பு இருக்கக் கூடாது. மந்திரியின் பொறுப்பில் இல்லாத விஷயம் இருக்கக் கூடாது. இருந்தால் குமாஸ்தா பேனாவை எடுத்து அடித்துவிடுவார். 1920-லிருந்து ஒருவர் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி மூன்றுக்கு மேல் கேட்க முடியாது என்று வைத்துவிட்டார்கள். வேறு வழியில்லை, ஒரு மணி நேரந்தானே இருக்கிறது!

இந்த வழக்கத்தின் பூர்வோத்தரம் சுவாரசியமானது. குறிப்பேட்டில் காணப்படும் முதல் கேள்வி 1721-ல் பிரபுக்கள் சபையில் கேட்கப்பட்டது. தென்கடல் கம்பெனி என்ற பெரிய கம்பெனியின் பங்கு விலை சரிந்து ஊரே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டிருந்த சமயம். கம்பெனியின் தலைமைக் காசாளர் ஊரைவிட்டு ஓடிவிட்டார். அவர் பிரஸ்ஸல்ஸில் பிடிபட்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா என்று கௌப்பர் பிரபு கேட்டார். ஸண்டர்லண்டு பிரபு பதில் சொன்னார். ஆக, ஓடிப்போன கணக்குப்பிள்ளை ஒருவரின் புண்ணியத்தில் பிறந்தது பார்லிமெண்டுக் கேள்வி.

மந்திரிகள் பதில் சொல்லும் அழகு இருக்கிறதே, அதை என்னவென்று சொல்வது! கேள்வி முன்கூட்டியே வந்துவிடுவதால், இலாகா உத்தியோகஸ்தர்கள் கட்டுகளைப் புரட்டிப் பதிலை எழுதி வைத்துவிடுவார்கள். 'இந்த விஷயத்தில் இன்ன தேதியில் கொடுத்த பதிலைப் பார்க்கவும்' என்பது ஒரு ரகம். தேடிப் போய் அந்தத் தேதியைப் பார்த்தால், அங்கே அதற்கும் முந்திய தேதி ஒன்று இருக்கும். 'பொது நலனை முன்னிட்டு வெளியிட இயலாது' என்பது இன்னொரு ரகம். ஆனால் எழுதி வைத்த பதிலைப் படித்துவிட்டு மந்திரி உட்கார்ந்துவிட முடியாது. உடனே ஒருவர் எழுந்து உபகேள்வி போடுவார். அதற்கு முன்னறிவிப்பு வேண்டியதில்லை. அங்கேதான் மந்திரியின் சொந்தச் சரக்கு வெளிப்படும். உல்வர்ஹாம்ப்டனிலிருந்து வந்த ஜெப்ரி மாண்டர் என்ற லிபரல் அங்கத்தினர், பெயிண்டுத் தொழிற்சாலை முதலாளி, ஹிட்லர், முஸோலினி, சர்வதேச சங்கம் என்று வெளிநாட்டு விவகாரங்களில் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். எலினார் ராத்போன் அம்மாள் இன்னொருவர். எந்தக் கட்சியையும் சேராதவர். ஸ்பெயின் என்றும் அகதிகள் என்றும் அவர் எழுந்து நின்றால், உத்தியோகஸ்தர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும் என்று படிக்கிறபோதே தெரிகிறது.

ஒரு பதிலை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. இங்கிலாந்தின் வடகிழக்கில் ஜாரோ என்ற ஊர். கப்பல் கட்டும் தளம் மூடப்பட்டு ஊரில் பெரும்பாலோருக்கு வேலை போய்விட்டது. 1936 அக்டோபரில் 200 ஆண்கள் அங்கிருந்து லண்டனுக்குக் கால்நடையாகப் புறப்பட்டார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் நடந்தார்கள். 11,000 பேர் கையெழுத்திட்ட மனு ஓக் மரப் பெட்டியில் கூடவே வந்தது. நவம்பர் 4-ஆம் தேதி, அந்தத் தொகுதியின் அங்கத்தினர் எல்லன் வில்கின்ஸன் அதைச் சபையில் சமர்ப்பித்தார். தொடர்ந்து நடந்த சிறு விவாதத்தில் வர்த்தக மந்திரி ரன்ஸிமன் சொன்ன பதில் ஒரு வாக்கியந்தான்: ஜாரோவின் நிலைமை இன்னும் திருப்திகரமாக இல்லையானாலும் சமீப மாதங்களில் முன்னேறியிருக்கிறது. பக்கத்துத் தொகுதிக்காரரான சூட்டர் ஈட், சர்க்காரின் இந்த மெத்தனம் தேசத்தின் மனச்சாட்சிக்கே அவமானம் என்று சுடச் சுடக் கேட்டார். அவ்வளவுதான், சபை அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. நடந்து வந்தவர்களில் பலரை அன்றைக்குத் தேம்ஸ் நதியில் படகில் ஊர் சுற்றிப் பார்க்க அழைத்துப் போயிருந்தார்கள். ஊர் திரும்பியபோது, நடந்த நாட்களில் அவர்கள் வேலைக்குத் தயாராக இல்லை என்று சொல்லி உதவித் தொகையைப் பிடித்துக்கொண்டார்கள்.

நம் நாட்டுக்காக எழுந்த ரகளையும் ஒன்று உண்டு. 1930 ஜூலை 17. மகாத்மா காந்தி மே மாதத்திலிருந்து சிறையில் இருக்கிறார். பிரதம மந்திரி ராம்ஸே மக்டொனால்டு, தொழிற் கட்சி. அதே கட்சியைச் சேர்ந்த பென்னர் பிராக்வே, கல்கத்தாவில் பிறந்தவர், இந்தியாவைப் பற்றி விவாதிக்க என்றைக்கு நாள் ஒதுக்கப் போகிறீர்கள் என்று பிடிவாதம் பிடித்தார். சபாநாயகர் உட்காரச் சொன்னார்; அவர் உட்காரவில்லை. சஸ்பெண்டு செய்ய வோட்டு எடுக்கும்போது, ஜான் பெக்கெட் என்ற இன்னொரு அங்கத்தினர் மேஜைமேல் இருந்த செங்கோலைத் தூக்கிக்கொண்டு வெளியே நடக்க ஆரம்பித்துவிட்டார். செங்கோல் இல்லாவிட்டால் சபையே இல்லை என்பது சம்பிரதாயம். சேவகர்கள் ஓடி வந்து பிடுங்கி வைத்தார்கள். இந்தியாவின் பொருட்டுச் செங்கோலைத் தூக்கிய இந்தப் பெக்கெட், நாலே வருஷத்தில் மோஸ்லியின் பாஸிஸ்டுக் கட்சியில் போய்ச் சேர்ந்தார்! கதையில் நான் இப்படி எழுதியிருந்தால், பாத்திரப் படைப்பு சரியில்லை என்று கடிதம் எழுதியிருப்பீர்கள்.

பதில் சொல்லாமல் தப்பிப்பது இத்தனை சுலபமாக இருக்கும்போது, ஒரு கேள்வியைக் கண்டு சர்க்கார் நடுங்குமா? நடுங்கியது. 1938 ஜூன் மாதத்தில்.

கேட்டவர் பெயர் டன்கன் ஸாண்டிஸ். வயது 30. ஆளும் கன்ஸர்வேடிவ் கட்சிக்காரர். ஸர்ச்சிலின் மாப்பிள்ளை. அந்தக் கல்யாணமே ஒரு தனிக் கதை. 1935 மார்ச்சில் நார்வுட் உபதேர்தலில் ஸாண்டிஸ் கட்சி வேட்பாளராக நின்றார். இந்தியாவுக்குச் சீர்திருத்தம் வழங்கும் மசோதாவை எதிர்த்துக் கர்ஜித்துக்கொண்டிருந்தவர் ஸர்ச்சில். அவருடைய பிள்ளை ராண்டால்ப் அதே கோஷத்துடன் ஸாண்டிஸுக்கு எதிராகப் போட்டி வேட்பாளர் ஒருவரை நிறுத்தி வேலை செய்தார். ஸாண்டிஸ் ஜயித்தார். அந்தத் தேர்தல் அமளியில்தான் ராண்டால்பின் அக்காள் டயானாவுக்கும் ஸாண்டிஸுக்கும் பழக்கம் ஏற்பட்டது. அந்த வருஷமே கல்யாணம் நடந்தது. தம்பி தோற்கடிக்கப் பார்த்தவரை அக்காள் வரித்துக்கொண்டாள்!

ஸாண்டிஸ் டெரிடோரியல் சேனையில் இளநிலை அதிகாரியாகவும் இருந்தார். லண்டனைக் காக்க வேண்டிய விமான எதிர்ப்புப் பீரங்கிப் படை அவருடையது. பீரங்கிகள் போதாது, கருவிகள் போதாது என்பதைக் கண்ணால் பார்த்தவர். ஸ்பெயினில் விமானங்கள் நகரங்களைக் குண்டு வீசி அழித்துக்கொண்டிருந்தன. ஆஸ்திரியாவை மார்ச்சிலேயே ஹிட்லர் விழுங்கியாயிற்று. ஜெர்மன் விமானப் பலத்தைப் பற்றிச் சர்க்கார் சபைக்குச் சொன்ன கணக்கும் ஏற்கெனவே ஒரு முறை பொய்த்திருந்தது. 1934 நவம்பரில் ஸர்ச்சிலுக்குச் சமாதானம் சொன்ன பால்டுவின், 1935 மே மாதம் அதே சபையில் எழுந்து, தம் மதிப்பீடு தவறாகிவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

ஸாண்டிஸ் கண்ணியமாகவே நடந்துகொண்டார். கேள்வியை நேரே சபையில் போட்டு உடைக்கவில்லை. நகல் ஒன்றை எழுதி, யுத்த மந்திரி ஹோர் பெலிஷாவுக்கு அனுப்பினார். (லண்டன் தெருக்களில் ஜனங்கள் கடக்கிற இடத்தில் மஞ்சள் உருண்டை விளக்கு வைத்தாரே, அவரேதான், விளக்குக்குக்கூட அவர் பெயர்.) மந்திரி படித்துப் பார்த்தார். கேள்வியில் இருந்த எண்கள் ரகசியக் கட்டுகளில் இருந்த எண்களோடு பொருந்தின! தவறான கேள்வியாக இருந்தால், ஒரு வாக்கியத்தில் மறுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். உண்மையாக இருந்ததுதான் வினை. பீரங்கி ஏன் குறைவு என்று யாரும் விசாரிக்கவில்லை. எண் எப்படிக் கசிந்தது என்றுதான் விசாரித்தார்கள். பிரதம மந்திரி சேம்பர்லேன் வரை விஷயம் போயிற்று.

அட்டர்னி ஜெனரல் ஸர் டொனால்டு ஸோமர்வெல், ஸாண்டிஸை அழைத்தார். 1920-ஆம் வருஷத்து அரசாங்க ரகசியச் சட்டத்தின் ஆறாவது பிரிவு பேச்சில் வந்தது. தகவல் யார் கொடுத்தது என்று சொல்ல மறுத்தால் இரண்டு வருஷம் வரை சிறை. ஒற்றர்களைப் பிடிக்க என்று கொண்டுவந்த சட்டம் அது. அதே பிரிவின் கீழ்ப் பத்திரிகை நிருபர் ஒருவர், தமக்குச் செய்தி தந்தவர் பெயரைச் சொல்லாததற்காகத் தண்டிக்கப்பட்டு, 1938-ல் அப்பீலிலும் தோற்றிருந்தார். ஆகவே வெறும் பூச்சாண்டி என்று ஒதுக்க முடியாது. 'நான் மிரட்டவில்லை, அவர் கேட்டார், சட்டத்தில் உள்ளதைச் சொன்னேன்' என்பது ஸோமர்வெலின் கட்சி. இருக்கலாம். அரிவாளை மேஜைமேல் வைத்துவிட்டு, அதன் நீளத்தைத்தான் சொன்னேன் என்கிற மாதிரி இருக்கிறது எனக்கு.

ஜூன் 27-ஆம் தேதி ஸாண்டிஸ் சபையில் எழுந்து நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டார். சபை கொதித்தது. எதிர்க்கட்சி மட்டுமல்ல, அவருடைய கட்சியிலேயே பலருக்குப் பொறுக்கவில்லை. அங்கத்தினர் ஒருவர் மந்திரியைக் கேள்வி கேட்கச் சிறைக்குத் தயாராக வர வேண்டுமென்றால், பிறகு சபை எதற்கு? விசாரிக்க ஒரு கமிட்டி போடுவதாக முடிவாயிற்று. இதற்குள் சேனைக்காரர்கள் தங்கள் பங்குக்கு ஒரு காரியம் செய்தார்கள். விசாரணைக் கோர்ட்டு கூடுகிறது, சீருடையில் ஆஜராக வேண்டும் என்று ஸாண்டிஸுக்கு உத்தரவு அனுப்பினார்கள். சபையில் அவர் ஜனங்களின் பிரதிநிதி. சீருடையைப் போட்டால் மேலதிகாரிக்குச் சல்யூட் அடிக்க வேண்டிய சின்ன அதிகாரி. அந்த உத்தரவைச் சபைக்குக் கொண்டுவந்தார் ஸாண்டிஸ். உரிமைக் கமிட்டி உட்கார்ந்து, இது சபையின் உரிமையை மீறிய செயல்தான் என்று சில நாட்களுக்குள் சொல்லிவிட்டது. மாமனார் ஸர்ச்சில் பக்கபலமாகப் பேசினார். தமக்கும் இரகசியத் தகவல்கள் வந்துகொண்டிருந்ததால் அவருக்கு இது மாப்பிள்ளை விஷயம் மட்டும் அல்ல.

கமிட்டி நிதானமாக வேலை செய்தது. கமிட்டிகள் வேறு எப்படி வேலை செய்யும்! செப்டம்பரில் மியூனிச் நெருக்கடி வந்தபோது லண்டன் பூங்காக்களில் பதுங்கு குழி வெட்டினார்கள். ஜனங்களுக்கு விஷவாயு முகமூடி விநியோகம் நடந்தது. பீரங்கிகள் போதவில்லை என்பது அப்போது தெருவில் போகிறவனுக்கும் தெரிந்துவிட்டது. ஜூனில் ரகசியமாக இருந்தது, செப்டம்பரில் ஊர்ப் பேச்சு. சபையில் சொல்வதற்காகவோ, சபைக்கென்று எழுதிய கேள்வியின் நகலுக்காகவோ அங்கத்தினரைச் சட்டத்தின்கீழ் இழுக்க முடியாது என்று 1939-ல் கமிட்டி தீர்த்துச் சொல்லிற்று. அதே வருஷம் ஆறாவது பிரிவை ஒற்றாடல் குற்றத்துக்கு மட்டும் என்று குறுக்கிச் சட்டத்தைத் திருத்தினார்கள். சபையில் வாய்திறந்து கேட்கும் முன்பே, ஒரு கேள்வி ஒரு சட்டத்தையே மாற்றிவிட்டது. அதற்குள் யுத்தம் வந்துவிட்டது.

ஸாண்டிஸ் பிற்பாடு பெரிய மனிதரானார். 1962 நவம்பரில், சீனப் படையெடுப்புக்குப் பின், காமன்வெல்த் மந்திரியாக டில்லிக்கு வந்து நேருவையும் அயூப் கானையும் காஷ்மீர் பற்றிப் பேச இணங்கச் செய்தவர் அவர்தான். அதற்கு முன் 1957-ல் பாதுகாப்பு மந்திரியாக இருந்தார். பீரங்கி எத்தனை, விமானம் எத்தனை என்று மற்றவர்கள் கேட்க, இவர் எழுந்து பதில் சொல்ல வேண்டிய முறை. எப்படிச் சொன்னார் என்று பார்க்க எனக்கு ஒரே ஆவல். மறுநாள் காலையில் நூல்நிலையம் திறந்ததும் மாடிக்கு ஓடினேன். அலமாரியில் அந்த வருஷத்துத் தொகுதி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. எங்கே என்று நூலகரைக் கேட்டேன்.

"போன வாரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், ஸார்" என்றார்.