ஆலைக்குப் போகாத கோதுமை

டென்மார்க்கில் செப்டம்பரில் விதைக்கும் குளிர்காலக் கோதுமை, பனியைத் தாண்டி அடுத்த ஆகஸ்டில் அறுவடைக்கு வரும். அதில் ஒரு மணியின் பின்னாலேயே போவோம். எடை சுமார் 45 மில்லிகிராம். ரொட்டியாகும் யோகம் அதற்கு இல்லை. அந்நாட்டுக் கோதுமையில் பெரும்பகுதியைப் போல அதுவும் கால்நடைத் தீவனத்துக்கானது.

தீவனக் கோதுமையின் வழக்கமான பாதை நீளமானது. லாரி ஏறித் தீவன ஆலைக்குப் போய், அரைபட்டு, சோயாப் புண்ணாக்கோடு கலந்து, நீராவியில் வெந்து, அச்சில் அழுந்திக் குச்சித் தீவனமாகி, மறுபடி லாரி ஏறிப் பண்ணைக்கு வரும். நம் மணிக்கு அந்த அலைச்சல் இல்லை. வயலுக்குச் சொந்தக்காரரே கறிக்கோழியும் வளர்க்கிறார். உலர்த்திய மணி அவருடைய சேமிப்புக் கலனிலேயே கிடந்து, அங்கிருந்து முழுசாகக் கோழிக் கொட்டகைக்குப் போகிறது. அரவைக்கும் அச்சுக்குமான மின்செலவு மிச்சம், வண்டிக்கூலி மிச்சம்.

ஆனால் கோதுமையை மட்டும் கொட்டி பிராய்லரை வளர்த்துவிட முடியாது. குஞ்சுக்குத் தீவனத்தில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் வேண்டும். கோதுமையில் இருப்பது அதில் பாதிதான். அதனால் புரதம் கூட்டிய குச்சித் தீவனத்தோடு சேர்த்தே மணியைத் தருவார்கள். முதல் வாரம் கடந்த பிறகு கொஞ்சமாகத் தொடங்கி, போகப் போக 20, 30 சதவீதம் வரை ஏற்றுவதுண்டு. அவசரப்பட்டு அளவை மீறினால் புரதம் நீர்த்துப்போய் வளர்ச்சி பின்தங்கும்.

கோழி கொத்துகிறது. பல் இல்லாத வாய். மணி அப்படியே வழுக்கிக்கொண்டு கழுத்தடித் தீனிப்பைக்குள் விழுகிறது. அங்கே ஊறி இளகி, அடுத்து சுரப்பி வயிற்றுக்குப் போகிறது. அமிலமும் பெப்சினும் மேலே கொட்டுகின்றன. அதற்கு அடுத்ததுதான் அரைவைப்பை.

அதன் வலுவை 18ஆம் நூற்றாண்டிலேயே சோதித்துப் பார்த்தவர் இத்தாலிய விஞ்ஞானி ஸ்பாலன்சானி. ஊசிகள் குத்திய ஈயக் குண்டை அவர் வான்கோழியை விழுங்க வைத்தார். ஊசிகள்தான் முறிந்தன, பைக்குக் காயமில்லை. உள்ளே தடித்த, கடினமான உறை இருக்கிறது. அதன் மஞ்சள் நிறம் குடலிலிருந்து பின்னோக்கி வரும் பித்தத்தின் சாயம்.

நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை பையின் தசை இறுகுகிறது. மணி விரிசல் விட்டு, உடைந்து, சில சமயம் சுரப்பி வயிற்றுக்கே திருப்பி அனுப்பப்பட்டு, அமிலத்தில் மறுபடி நனைந்து வருகிறது. மாவாய் நொறுங்கும்வரை பை அதை வெளியே விடாது. நன்றாக அரைத்த தீவனம் மட்டுமே தின்னும் கோழிக்கு இந்தப் பை வெறும் வழிப்பாதை. வேலையில்லாமல் அது மெலிந்து சிறுத்துவிடுகிறது. முழு மணி வந்தால் பை பெருக்கிறது, தீனி கூடுதல் நேரம் தங்குகிறது, அமிலம் ஏறுகிறது. அந்த அமிலம் தீனியோடு வந்த கிருமிகளுக்கும் ஒரு காவல்.

பொடியான மணி குடலுக்குள் நுழைகிறது. கணையச் சாறு அதன் மாவுச்சத்தைச் சிறு சர்க்கரைகளாக உடைக்க, குடல் சுவரில் அவை குளுக்கோஸாகின்றன. கோதுமையின் அரபினோசைலான் என்ற நார்ச்சத்து இங்கே கூழாகிச் சத்தைப் பிடித்துவைக்கும். அதை அறுக்கத்தான் தீவனத்தில் சைலனேஸ் நொதி சேர்க்கிறார்கள். குளுக்கோஸ் கல்லீரல் வழியே போய்ச் சிறிது கொழுப்பாகிறது, மிச்சம் உடம்பை ஓட்டும் எரிபொருளாகிறது. புரதம் நெஞ்சுக்கறியில் சேர்கிறது. செரிக்காத தவிடு எச்சமாய் வெளியேறுகிறது.

ஐந்து வாரம் கடந்ததும் கோழிகளைப் பிடிக்கிறார்கள். அதற்குச் சில மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்திவிடுவதால், இறைச்சிக்கூடத்தில் வெட்டிப் பார்த்தாலும் நம் மணியின் தடயம் கிடைக்காது. ஆனால் அரைவைப்பையைக் கையில் எடுத்தால் கனம் தெரியும். உரித்த கோழியின் கறி எடையைக் கணக்கிடுபவருக்கு அந்தக் கனம் ஒரு சிறு நஷ்டம். ஆலை செய்ய வேண்டிய அரவையை ஒரு கோழி தானே செய்து முடித்ததற்கு மிஞ்சிய சாட்சி அந்தக் கனம்தான்.