மருத்துவம் கிடைக்காத அறிவியல் மாணவர்களுக்கு மருத்துவமனையில் என்ன வேலை?

சிரம்பான்: எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் முடிவுகள் வெளிவந்ததும் தோட்டப்புற வீடுகளில் எழும் முதல் கேள்வி, “டாக்டருக்குக் கிடைக்குமா?” என்பதுதான். கிடைக்காது என்று தெரிந்துவிட்டால், அறிவியல் பிரிவில் படித்ததே வீண் என்று வீடே சோர்ந்துபோகிறது. சில பெற்றோர் சக்திக்கு மீறிக் கடன் வாங்கிப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். சில மாணவர்கள் மனம் வெறுத்துத் துறையையே மாற்றிவிடுகிறார்கள்.

சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். மருத்துவர் நம்மிடம் பேசுவது சில நிமிடங்கள். அதற்கு முன் இரத்தத்தைச் சோதித்தவர், எக்ஸ்ரே எடுத்தவர், அந்த இயந்திரம் சரியாக இயங்குகிறதா என்று பார்த்தவர் எனப் பலர் உழைத்திருப்பார்கள். இவர்களில் பலரும் அறிவியல் அல்லது பொறியியல் படித்தவர்கள்.

தோட்ட மக்களுக்கு இது புதிய செய்தி அல்ல. பால்மரத் தோட்டங்களில் நம் முன்னோர் மலேரியாவுக்குக் கொத்துக் கொத்தாக மடிந்த காலத்தில் கொய்னா மட்டும் போதவில்லை. 1901இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்து நீரை வடித்துக் காய்ச்சலைக் குறைத்தார். ஆனால், மேட்டுநிலத் தோட்டங்களில் அதே வழி பலிக்கவில்லை. காட்டை அழித்ததும் வெயில்பட்ட தெளிந்த ஓடைகளில் அனோஃபிலிஸ் மாக்குலேட்டஸ் என்ற கொசு பெருகியது. எந்தக் கொசு எந்த நீரில் முட்டையிடும் என்பதைப் பூச்சியியல் சொன்னது. நீரைக் குழாய் வழியே நிலத்துக்கு அடியில் ஓடவிடும் வேலையைப் பொறியியல் செய்தது. கான்களில் எண்ணெய் தெளித்த தோட்டத் தொழிலாளர்களும் அந்தப் பணியில் பங்குகொண்டவர்களே.

நம் மாநிலத்திலேயே நடந்த இன்னொன்றும் உண்டு. 1999இல் போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் மூளைக்காய்ச்சலால் இறந்தார்கள். முதலில் அது கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதப்பட்டது. தடுப்பூசி போடப்பட்டது, புகையும் அடிக்கப்பட்டது. பயனில்லை. மலாயாப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் அந்த ஆண்டு மார்ச்சில் புதிய கிருமி பிரித்தெடுக்கப்பட்ட பிறகே உண்மை தெரிந்தது. அந்த நோயாளியின் ஊரான சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. 100க்கும் மேற்பட்டோர் மாண்ட அந்தத் தொற்றில், ஆய்வுக்கூடம் சொன்ன பதிலே கட்டுப்பாட்டு நடவடிக்கையின் திசையை மாற்றியது.

இன்றைய நிலைக்கு வருவோம். நீரிழிவும் சிறுநீரகச் செயலிழப்பும் நம் சமூகத்தை எப்படி வாட்டுகின்றன என்பதைச் சொல்லத் தேவையில்லை. டயாலிசிஸ் செய்பவர் பெரும்பாலும் வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருப்பார். ஒரு தடவைக்கு ஏறத்தாழ 120 லிட்டர் நீர் செலவாகிறது. அது சாதாரணக் குழாய்நீராக இருக்க முடியாது. குடிநீரில் கிருமிநாசினியாகச் சேர்க்கப்படும் குளோரின்கூட நோயாளியின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். நீரைச் சுத்திகரிக்கும் அமைப்பு, காற்றுக்குமிழியைக் கண்டு அலறும் உணர்கருவி, மின்கசிவுச் சோதனை ஆகியவை உயிர்மருத்துவப் பொறியியல் படித்தவரின் பொறுப்பில் வருபவை. இந்தப் பணியைக் கீழான வேலை என்று எவரும் நினைத்தால், டயாலிசிஸ் நாற்காலியில் இருப்பவரைக் கேட்கட்டும்.

இங்கே வேலை தேடுபவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அரசாங்க மருத்துவமனைகளின் கருவிப் பராமரிப்பு 1990களின் இறுதியிலிருந்து ஒப்பந்தத் தனியார் நிறுவனங்களிடம் இருக்கிறது. பொதுச் சேவை ஆணைய விளம்பரத்துக்காக மட்டும் காத்திருந்தால் இந்த வாய்ப்புகள் கண்ணில் படாது. கருவி விற்பனை நிறுவனங்களும் தனியார் மருத்துவமனைகளும் பொறியியலாளர்களை எடுக்கின்றன.

இயற்பியலில் ஆர்வமுள்ளவர்கள் மருத்துவ இயற்பியலைப் பார்க்கலாம். புற்றுநோய்க் கட்டியின் மீது எவ்வளவு கதிர், எந்தக் கோணத்தில் விழ வேண்டும், பக்கத்து உறுப்பு எப்படித் தப்ப வேண்டும் என்று கணக்கிடுவது அவர்கள் பணி. சிடி ஸ்கேனுக்காக 1979இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற இருவரில் ஹவுன்ஸ்ஃபீல்ட் பொறியியலாளர், கோர்மாக் இயற்பியலாளர். இருவரும் மருத்துவர்கள் அல்லர்.

பெயரில் ஏமாறுவதும் நடக்கிறது. உயிர்மருத்துவ அறிவியல் வேறு, உயிர்மருத்துவப் பொறியியல் வேறு. முன்னது இரத்தம், திசு, கிருமி என்று ஆய்வுக்கூடத்துக்குப் போகும். அதற்கு உயிரியலும் வேதியியலும் அடிப்படை. பின்னது கருவி, மின்னணுவியல், செயற்கை உறுப்பு என்று போகும். பெரும்பாலும் கணிதத்தையும் இயற்பியலையும் கேட்கும். உயிர்த்தொழில்நுட்பமோ மூன்றாவது வழி. அந்தப் பட்டம் மட்டும் இருந்தால் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பதவி உறுதி என்று எண்ணிவிட வேண்டாம்.

ஆகவே, ஆறாம் படிவத்தில் இயற்பியலா, உயிரியலா என்று தேர்ந்தெடுக்கும்போதே பாதி முடிவு ஆகிவிடுகிறது. “எல்லாரும் உயிரியல் எடுக்கிறார்கள்” என்று எடுத்தவர், பின்னர் பொறியியல் வாசலில் நிற்கும்போது வருந்த நேரிடும். எஸ்பிஎம் முடிவு சுமாராக இருந்தாலும் வழி அடைபடுவதில்லை. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம், ரேடியோகிராஃபி, இயன்முறை சிகிச்சை ஆகியவற்றில் டிப்ளோமா உண்டு. பட்டப்படிப்பை அதன்பின் தொடரலாம்.

பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியது பதிவு. 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ், அதாவது சட்டம் 774இன்கீழ், 23 தொழில்கள் வருகின்றன. மருத்துவ இயற்பியலாளர், உணவுமுறை வல்லுநர், செவித்திறன் வல்லுநர், பேச்சு மொழிச் சிகிச்சையாளர், பொதுச் சுகாதாரப் பூச்சியியலாளர் ஆகியோர் அதில் அடங்குவர். மன்றத்தில் பதிவு பெறாமல் அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. மன்றம் ஏற்காத பட்டத்தோடு வருபவருக்கு மூன்று நான்கு ஆண்டுக் கட்டணமும் கல்விக்கடனும்தான் மிச்சம். பொறியியல் பட்டமென்றால் பொறியியல் அங்கீகார மன்றத்தின் பட்டியலில் அது உள்ளதா என்று பார்க்க வேண்டும். மற்றப் படிப்புகளுக்கு எம்கியூஏவின் மலேசியத் தகுதிப் பதிவேட்டை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். கல்விக்கண்காட்சியில் முகவர் தரும் வண்ணக் கையேட்டை மட்டும் நம்பிக் கையெழுத்திட வேண்டாம். படிப்பின் முழுப் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டு, அன்றிரவே கைப்பேசியில் தேடிப் பாருங்கள்.