தொட்டு விளையாடும் உரிமை

குழந்தை விளையாட்டின் வழியே கற்கிறது என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. மண்ணும் மரமும் விளையாட்டுத் திடலும் உள்ள பள்ளிதான் நல்ல பள்ளி என்று விளம்பரப் பலகைகள் சொல்கின்றன. அதற்கு இலட்சங்களில் கட்டணமும் கேட்கின்றன. ஆனால் இந்தக் கல்விமுறை யாருக்காகத் தொடங்கியது, சேரிப் பிள்ளைகளிடம் எப்போது வந்தது, பிறகு எப்படி எட்டாத பொருளானது என்ற வரலாற்றை நாம் பேசுவதில்லை.

ஜெர்மனியில் ஃபிரோபெல் 1837இல் சிறு குழந்தைகளுக்கான கூடம் ஒன்றைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். பந்து, மரக்கட்டை, பாட்டு, ஆளுக்கொரு சிறு பாத்தி, இவைதான் அங்கே பாடம். அவை நாத்திகத்தையும் சோசலிசத்தையும் வளர்ப்பதாகப் பிரஷ்ய அரசு குற்றம் சாட்டியது. 1851இல் கிண்டர்கார்டன்களுக்குத் தடை விதித்தது. விளையாட்டு அன்றே அரசியல்தான்.

அந்த முறை சென்னைக்கு வந்தபோது வசதியானவர்களிடம் மட்டும் போகவில்லை. பிரம்மஞான சபையின் ஆல்காட் 1894இல் அடையாறு ஊரூரில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் அவரோடு 1898இல் இலங்கை சென்று பௌத்தம் ஏற்றதும் இந்தக் காலத்தில்தான். பள்ளிகள் பெருகின. 1900களின் தொடக்கத்தில் அவற்றைக் கவனித்த பால்மர், கோர்ட்ரைட் ஆகிய ஆசிரியைகள் கிண்டர்கார்டன் முறையை அங்கே கொண்டுவந்தனர். மாடு மேய்க்கவும் கூலிக்கும் போக வேண்டியவர்கள் என்று ஊர் முடிவுகட்டியிருந்த பிள்ளைகள் பாடி, ஆடி, கையால் செய்து படித்தார்கள். அன்றாடக் கூலியை இழந்து பிள்ளையை அனுப்பிய நம் பாட்டன் பாட்டிகளின் முடிவும் இந்த வரலாற்றில் அடங்கும்.

1907இல் ஆல்காட் மறைந்தார். சபையின் தலைமைக்கு வந்த அன்னி பெசன்ட், சாதி இந்துப் பிள்ளைகளோடு தீண்டப்படாத பிள்ளைகளை ஒரே பள்ளியில் உட்காரவைக்கக் கூடாது என்று 1909இல் எழுதினார். தூய்மையைக் காரணம் காட்டினார். அண்ணல் அம்பேத்கர் இதை 1945இல் தம் நூலில் எடுத்துவைத்து அம்பலப்படுத்தினார். ஆக, நம் பிள்ளைகளுக்குத் தனியாக விளையாட அனுமதி உண்டு, சேர்ந்து விளையாட இல்லை.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். ஓடிப்பிடித்து விளையாடினால் தொட்டால்தான் ஆட்டம். கபடியிலும் தொடுவதுதான் ஆட்டம். விதியைப் பேசி முடிவு செய்வது, தோற்பது, விட்டுக்கொடுப்பது, அடுத்தவர் மனதை அறிவது ஆகியவற்றைக் குழந்தை சக குழந்தையின் உடலோடும் குரலோடும் உறவாடித்தான் கற்கிறது. தீண்டாமை அந்தக் கல்வியை வேரிலேயே வெட்டுகிறது. வீட்டிலிருந்து கொண்டுபோன கோணியில் தனியே உட்கார்ந்து, குழாயைத் திறக்கப் பியூனுக்காகக் காத்திருந்த சிறுவன் பீமாராவ் இழந்தது தண்ணீரை மட்டுமல்ல.

ஆல்காட் மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1907 ஜனவரி 6இல், ரோமின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பான சான் லொரென்சோவில் மரியா மாண்டிசோரி தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அவரே 1939இல் அதே அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கி, செடி, பூச்சி, கல் என இயற்கையிலிருந்து கற்பிக்கும் வழிகளை வளர்த்தார். ஏழைப் பிள்ளைகளிடம் பிறந்த அந்த முறை இன்று அதே சென்னையில் கட்டணப் பலகையில் தொங்குகிறது.

நமக்கு வந்த "இயற்கை" வேறு. 1953இல் இராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. பள்ளிக்கு வெளியிலும் கல்வி உண்டு என்பது கேட்க இனிமையான வாதம். ஆனால் பறையர் வீட்டுப் பிள்ளைக்கும் சக்கிலியர் வீட்டுப் பிள்ளைக்கும் சாதி விதித்திருந்த தொழில் எது? பெரியாரும் இயக்கங்களும் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. வயலில் களையெடுக்கும் குழந்தையும் மண்ணில்தான் இருக்கிறது. ஆனால் அது விளையாடவில்லை. விரும்பித் தொடுவதற்கும் விதிக்கப்பட்டுத் தொடுவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை நாம் ஒருபோதும் மறக்கக் கூடாது.

பல்லாங்குழியில் எண்ணும், ஐந்தாங்கல்லில் கண்ணும் கையும் இணைவதும், நொண்டியில் உடலின் சமநிலையும் சேரிக்குப் புதியவை அல்ல. இல்லாதது நேரமும் இடமும்தான். விளையாட்டு குழந்தையின் உரிமை என்று ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு சொல்கிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடலும், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருள்களும் வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது.

தோழர்களே, அடுத்த முறை சேரிப் பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ போகும்போது வருகைப் பதிவேட்டோடு நின்றுவிடாதீர்கள். திடல் யார் கையில் இருக்கிறது? நிழல் தரும் மரம் உண்டா? விளையாட்டுப் பொருள்கள் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றனவா? விளையாட்டு வேளையில் யார் யாருடைய கையைப் பிடிக்கிறார்கள், யார் ஓரமாக நிற்கிறார்கள்? பார்த்ததை எழுதுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள்.