தேரி: தென்கரைச் செம்மணல் மேடுகளின் வரலாறு

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியிலும் அதை அடுத்த திருநெல்வேலி மாவட்டக் கரையோரத்திலும், கடலுக்குச் சற்று உள்ளே தள்ளிச் செம்மணல் மேடுகள் நீண்டு கிடக்கின்றன. இவற்றைத் தேரி என்பார்கள். சாயர்புரம், குதிரைமொழி, சாத்தான்குளம், இடையன்குடிப் பக்கத்துத் தேரிகள் பெயர்பெற்றவை. அலைவாய்க்கரையை ஒட்டி இருப்பது வழக்கமான வெண்மணல்தான். அங்கே அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் மணலைப் பிடித்து வைத்திருக்கும். அந்த வரிசையைத் தாண்டி மேற்கே போனால் நிறம் மாறிவிடும்.

தமிழகத்தில் செம்மண்ணுக்குக் குறைவில்லை. ஆனால் திருவண்ணாமலைச் சுற்றுவட்டாரத்தில் காணும் செம்மண் அடிப்பாறை நின்ற இடத்திலேயே மக்கி உண்டானது. தேரி மணல் காற்று கொண்டுவந்து குவித்தது. கடந்த பனியூழியின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற அடித்தரையில் பெரும்பகுதி அப்போது வெட்டவெளி. அங்கிருந்து பறந்த மணலே தேரியின் மூலம் என்பது ஒரு கருத்து. உள்நாட்டுச் செம்மண்ணைத் தென்மேற்குக் காற்று வாரிவந்து கொட்டியது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் இதில் பங்கிருக்கலாம். நிறத்தின் காரணத்தில் அவ்வளவு சிக்கல் இல்லை. குவார்ட்ஸ் மணலோடு இல்மனைட், கார்னெட் போன்ற கனமான தாதுக்களும் கலந்திருக்கின்றன. இரும்புள்ள தாதுக்கள் நெடுங்காலம் சிதைந்து, இரும்பு ஆக்சைடு ஒவ்வொரு மணியின் மேலும் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. ஒரு பிடி தேரி மணலைக் கசக்கினால் உள்ளங்கையில் செந்நிறம் ஒட்டும்.

நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் மணல் இருந்தால் அதை மணல் மண் என்று வகைப்படுத்துவார்கள். தேரியின் மேல்மண் அந்த வகை. களியும் மக்கும் மிகக் குறைவு என்பதால் நீரையும் உரச்சத்தையும் பிடித்து வைக்கும் திறன் அதற்கு இல்லை. மழை விழுந்தால் சேறாகாது. விழுந்த வேகத்தில் இறங்கிவிடும். கோடையில் வெறுங்காலோடு நடக்க முடியாத அளவுக்கு மேற்பரப்பு கொதிக்கும். இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் தேரியைப் பாழ்நிலம் என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியான தீர்ப்பு அல்ல. மேலே காய்ந்த மணல் மூடாக்குப் போல நின்று, கீழே இறங்கிய ஈரம் ஆவியாகிப் போவதைத் தடுக்கிறது. அடியில் களி கூடிய இறுகிய படிவமும், அதற்கும் கீழே சுண்ணாம்பு கலந்த மணற்பாறையும் உள்ள இடங்களில் அந்த நீர் தங்குகிறது.

கடலோரத்திலும் மணலுக்குள் நன்னீர் தங்கும், ஆனால் வேறொரு காரணத்தால். மணலுக்குள் இறங்கும் மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை அது இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. திருச்செந்தூரில் கடலுக்கு மிக அருகே நாழிக்கிணற்றில் நன்னீர் கிடைப்பது இந்த வகையில் விளங்கும்.

மனிதர் இங்கே வாழ்ந்ததற்கான தடயம் மிகப் பழையது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தவர், சாயர்புரம் தேரியிலும் கற்கருவிகளைத் திரட்டினார். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் பற்றிய அவரது நூல் 1883-இல் வெளிவந்தது. பின்னர் ஆய்வாளர்கள் சாய்னர், ஆல்ச்சின் இருவரும் தேரிகளில் ஆய்வு செய்து 1956-இல் எழுதினார்கள். குவார்ட்ஸிலும் செர்ட்டிலும் செய்த நுண்கற்கருவிகள் அவர்களுக்குக் கிடைத்தன. அவற்றைக் கி.மு. 4000 வாக்கைச் சேர்ந்தவை என்று மதிப்பிட்டார்கள். இலங்கையின் இரணைமடுப் படிவம் எனப்படும் செம்மணலிலும் கற்காலக் கருவிகள் கிடைத்திருக்கின்றன; நடுவிலுள்ள கடலின் இரு கரைகளையும் சேர்த்தே இந்தப் பழமையைப் பார்க்க வேண்டும்.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று பாய்ந்து வருகிறது. இன்று முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று முற்காலத்தில் தேரி மணலைக் கிழக்கே தள்ளி வயலையும் பாதையையும் மூடியது. அதை நிறுத்தியது வேர்தான். குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரம், பனை, பிற்காலத்தில் முந்திரி ஆகியவை மணலைக் கட்டிப்போட்டன. குதிரைமொழித் தேரியின் பெரும்பகுதி இன்று காப்புக்காடு.

இவற்றில் பனைக்கு ஈடு எதுவும் இல்லை. சல்லிவேர்கள் கீழேயும் பக்கவாட்டிலும் வெகுதூரம் ஓடி, மணலுக்கு அடியிலுள்ள ஈரத்தை எட்டுகின்றன. கன்று மரமாகிப் பயன்தரப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த மறைப்பணியாளர் ராபர்ட் கால்டுவெல், பனையையே நம்பிய இந்த நிலத்தைப் பற்றி விரிவாக எழுதினார். அங்குள்ள மக்களைப் பற்றி அவர் எழுதியவை பின்னர் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. பனையேறியின் வேலை விடியுமுன் தொடங்கும். பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி, ஊறிய பதநீரை இறக்கி வருவார். விடிலி எனப்படும் காய்ச்சும் குடிசையில் பனையோலையும் மட்டையும் எரித்து அதைக் காய்ச்சுவது பெரும்பாலும் பெண்கள். பாகு பதமானதும் சிரட்டைகளில் ஊற்றினால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டியின் பெயர் இந்த உழைப்பினால் பரவியது.

தெய்வமும் இந்த மணலில்தான் குடியிருக்கிறது. தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகை மாதக் கடைசியில் கள்ளர் வெட்டுத் திருவிழா நடக்கும். தேரியில் இளநீர் வெட்டப்படும் இடத்தில் நனைந்த மணலை மக்கள் அள்ளிச் சென்று வீட்டிலும் வயலிலும் இடுகிறார்கள்.

கடந்த நூற்றாண்டில் பனையேறுவோர் குறைந்தார்கள். மரங்கள் செங்கல் சூளைக்குப் போயின. 1978-இல் பனை தமிழகத்தின் மாநில மரமாக அறிவிக்கப்பட்ட பிறகும் வெட்டு நிற்கவில்லை. 2021-இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவித்ததுடன் 76 லட்சம் பனைவிதைகள் வழங்கவும் வழிசெய்தது. மணலிலுள்ள தாதுக்களுக்கும் சந்தை உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தில் கடற்கரைத் தாதுமணல் எடுப்பதற்கு 2013-இல் மாநில அரசு தடை விதித்தது. இல்மனைட்டும் கார்னெட்டும் தேரி மணலிலும் இருப்பதால், அடுத்த குறி இந்த மேடுகளாக இருக்கும் என்ற கவலை இங்குள்ள ஊர்களில் உண்டு.