ரேகையா, வாக்குமூலமா?

மூளையின் மின் அலைகளை மனிதனிடமிருந்து முதன்முதலில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர், ஜெர்மனியின் யேனா நகரத்து மனநோய் மருத்துவர். பதிவு செய்தது 1924இல். தயங்கித் தயங்கி வெளியிட்டது 1929இல். அவரை இந்தக் காரியத்தில் இறக்கியது வைத்தியம் மட்டுமல்ல. இளவயதில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து உயிர் தப்பினார். அன்றே, தொலைவிலிருந்த சகோதரிக்கு இனம் தெரியாத பயம் தோன்ற, அவள் சொல்லித் தந்தை தந்தியடித்து நலம் விசாரித்தார். ஒரு மனம் இன்னொரு மனத்தை எப்படி எட்டியது என்ற கேள்வி பெர்கரைக் கடைசிவரை விடவில்லை. தேடியது நினைப்பை, கிடைத்தது அலை. வலிப்பு நோயை அறிய அந்த அலை பெரிதும் பயன்பட்டது. ஆனால் அலையையே நினைப்பு என்று எடுத்துக்கொள்ளும் ஆசை, ஆஸ்பத்திரியிலிருந்து போலீஸ் விசாரணைக்கு இடம் மாறியது.

குற்றக் காட்சியின் விவரம் மூளைக்குப் பரிச்சயமானதா என்று அலையில் தேடும் முறைக்கு அமெரிக்காவில் ‘மூளைக் கைரேகை’ என்று பெயர் வைத்தார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸில் பணியாற்றிய உளவியலாளர் சி. ஆர். முகுந்தன் உருவாக்கிய முறையின் பெயரிலோ ‘கையொப்பம்’ இருக்கிறது. இரண்டு பெயர்களும் வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவன் தினமும் கையாளும் பொருள்கள். ஆகவே சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்யதை உண்டு. பெருவிரல் ரேகைக்கு அர்த்தம் கிடையாது. அது இன்னாருடையது என்பதோடு அதன் வேலை முடிகிறது. கையெழுத்து, போடுகிறவன் மனம் வைத்துப் போடுவது. மூளை அலை இரண்டும் அல்ல. அதை யாரோ படித்து, அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கிறது.

2008இல் புனே செஷன்ஸ் நீதிமன்றம் ஓர் இளம்பெண்ணைக் கொலைக் குற்றவாளி என்று தீர்மானித்தபோது, மற்றச் சாட்சியங்களோடு இந்தச் சோதனையையும் ஏற்றுக்கொண்டது. தலையில் மின்முனைகள் பொருத்தி உட்காரவைத்து, விஷம் வாங்கியது, கொடுத்தது பற்றிய வாக்கியங்களை ‘நான்’ என்று தன்மையிலேயே ஒலிக்கவிட்டார்கள். அவள் பதில் பேசத் தேவையில்லை. செய்தவளுக்கு மட்டுமே உள்ள அனுபவ நினைவை, கேட்டறிந்த விஷயத்திலிருந்து யந்திரம் பிரித்துவிடும் என்பது வாதம். திரும்பத் திரும்ப விசாரிக்கப்பட்டு, இரவெல்லாம் தனக்குள் புரட்டிப் பார்த்த காட்சி, செய்யாதவள் மனத்திலும் அனுபவம்போல் படியாதா? நாவல் படிக்கிற எவருக்கும் இதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

சட்டத்தின் முன் இருந்த பிரச்னையும் இதுவே. தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவு. 1961இல் காதி காலு வழக்கில் பதினொரு நீதிபதிகள் கொண்ட பெஞ்ச், கைரேகையும் கையெழுத்து மாதிரியும் ‘சாட்சியாவது’ ஆகாது என்று சொல்லிவிட்டது. மூளை அலை ரேகையின் ஜாதி என்றால் கட்டாயப்படுத்தலாம். பேச்சின் ஜாதி என்றால் கூடாது. 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைப் பேச்சின் பக்கம் சேர்த்தது. வாய் திறக்காவிட்டாலும் அது வாக்குமூலத் தன்மை கொண்டது. பலவந்தமாகச் செய்வது மனத்தின் அந்தரங்கத்தில் நுழைவது. ‘மூளைக் கைரேகை’ என்ற உவமையே அன்று தோற்றது என்று நான் வாசிக்கிறேன்.

ஆனால் தீர்ப்பு ஒரு கதவைத் திறந்தே வைத்தது. தானாகச் சம்மதித்தால் சோதிக்கலாம். சோதனை முடிவு சாட்சியமாகாது; அதன் உதவியால் பின்னர் கண்டெடுக்கப்படும் பொருளோ தகவலோ சாட்சியமாகலாம். சம்மதம் மாஜிஸ்திரேட் முன் பதிவாக வேண்டும், வக்கீல் உதவி வேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு. இனிப் பாரம் முழுவதும் ‘சம்மதம்’ என்ற ஒற்றைச் சொல்லின்மேல்.

சிலி நாடு 2021இல் மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து பெறும் தகவலையும் பாதுகாக்கத் தன் அரசியல் சாசனத்தையே திருத்தியது. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தலையில் மாட்டும் கருவி விற்ற ஒரு கம்பெனி, முன்னாள் செனட்டர் ஒருவரின் மூளைத் தகவலை அழிக்க உத்தரவிட்டது. ஒரு காரியத்துக்குத் தந்த தகவலை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளத் தனிச் சம்மதம் வேண்டும் என்பது அதன் தர்க்கம். அங்கே மறுத்தால் போவது ஒரு கருவி. லாக்கப்பில் இருப்பவன் மறுத்தால்?

கடன் பத்திரத்தில் பென்சிலால் ‘இன்ட்டூ’ போட்ட இடங்களில் படிக்காமல் கையெழுத்திடுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். யாரும் அவர்களைப் பலவந்தம் செய்வதில்லை. பணம் வேண்டும், அவ்வளவுதான். காவலில் இருப்பவனுக்கோ வெளியே போகவேண்டும். ‘குற்றமற்றவன் என்றால் சோதனைக்கு என்ன பயம்?’ என்று ஒருவர் கேட்டாலே போதும், சம்மதம் வந்துவிடும். மறுத்ததை எந்த அதிகாரியும் எந்தப் பத்திரிகையும் குற்றத்தின் அடையாளமாக வாசிக்கக் கூடாது என்பது நடைமுறையில் நிலைக்காதவரை, அந்தக் கையெழுத்தை நான் செல்லாத கையெழுத்து என்றே திருப்பி அனுப்புவேன்.